பெரிய அலை சர்ஃபிங் படம் 'ரைடிங் ஜயன்ட்ஸ்': விமர்சகர்கள் என்ன சொன்னாங்க, நம்ம கரையில என்ன கேக்குறாங்க

ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கட்டிக் கெடக்கும். அந்த சமயத்துல பாம்பன், மண்டபம் பக்கம் பசங்களோட சேந்து கடல் சம்பந்தப்பட்ட டாக்குமெண்டரியா பாத்து ப்ரொஜெக்டர்ல போட்டுப் பாக்குறது எங்க வழக்கம். அதுல அதிகமா பேச்சு கெளம்புனது இந்தப் படத்துக்குத்தான். படம் முடிஞ்சு வெளிய வந்தாலும் கேள்வி முடியல, வாட்ஸ்அப்ல கேக்குறாங்க, டீக்கடைல கேக்குறாங்க, கீழக்கரைலருந்து தொண்டி வரைக்கும் ஒரே சந்தேகம்தான் சுத்தி சுத்தி வருது. அதான் ஒரே எடத்துல எழுதிட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

அண்ணே மொதல்ல இது என்ன படம், யாரு எடுத்தது?

2004ல வந்த அமெரிக்க டாக்குமெண்டரி, பலகை மேல நின்னு பெரிய அலையில சறுக்கிப் போற சர்ஃபிங் விளையாட்டைப் பத்தினது. இயக்குநர் ஸ்டேசி பெரால்டா. சின்ன வயசுல பெரிய ஸ்கேட்போர்டு ஆளு அவரு, கலிபோர்னியாவுல இசட்-பாய்ஸ்னு ஒரு டீம்ல இருந்தவரு, அந்த டீமைப் பத்தியே ஒரு டாக்குமெண்டரி எடுத்து 2001 சன்டான்ஸ் விழாவுல விருது வாங்கிட்டாரு. அதுக்கப்புறம் எடுத்தது இது. கூட சேந்து எழுதுனவர் சாம் ஜார்ஜ், சர்ஃபர்ங்குற பத்திரிகைக்கு ஆசிரியரா இருந்தவர்.

படம் மூணு ஆளைச் சுத்திப் போகுது. மொதல்ல கிரெக் நோல், 1957 நவம்பர்ல ஹவாய்ல வைமியா பேங்குற எடத்துல அதுவரைக்கும் யாரும் எறங்கப் பயந்த அலையில எறங்குன கூட்டத்துல ஒருத்தர். அடுத்து ஜெஃப் கிளார்க், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெக்க மேவரிக்ஸ்னு ஒரு எடம், அங்க 1975லருந்து 15 வருசம் தனியாவே அலை ஏறிட்டு இருந்த மனுசன், கூட வாடான்னா ஒருத்தனும் வரல. மூணாவது லேர்ட் ஹாமில்டன், 90கள்ல ஜெட் ஸ்கீங்குற தண்ணி ஸ்கூட்டர்ல கயிறு கட்டி இழுத்துட்டுப் போயி அலையில விடுற முறையை கொண்டு வந்தவங்கள்ல முக்கியமானவர். படத்தைப் பத்திப் பேசுறப்ப இந்த மூணு பேரும் திரும்பத் திரும்ப வருவாங்க, அதனால மனசுல வச்சுக்குங்க.

அதெல்லாம் நெசமா எடுத்ததா இல்ல கிராபிக்ஸா? அவ்ளோ பெருசு எப்புடி வரும்

நெசந்தான். ஆரம்பத்துல சர்ஃபிங் வரலாறை ஓட்டமா சொல்ற எடம் மட்டும் அனிமேஷன். மத்த அலை எல்லாம் கேமராவுல எடுத்தது, அதுலயும் 50கள்ல 60கள்ல வர்ற காட்சி நெறய அந்தக் காலத்து சர்ஃபர்களே பிலிம் கேமராவைத் தூக்கிட்டுப் போயி எடுத்தது. கிரெக் நோலே அப்ப படம் எடுத்து ஊர் ஊரா ஓட்டிக் காட்டுனவரு. அந்தப் பழைய பிலிமையெல்லாம் தேடிப் பிடிச்சு சேத்ததுதான் இந்தப் படத்தோட பெரிய சொத்து, விமர்சகர்கள் பாராட்டுனதுக்கும் அது ஒரு காரணம்.

மொத்தத்துல ரிவ்யூ நல்லா வந்துச்சா இல்லையா, ஒரே வரில சொல்லுங்க

நல்லா வந்துச்சு, ரொம்ப நல்லா. அமெரிக்காவுல பெரிய பத்திரிகைக்காரங்க பெரும்பாலும் பாராட்டித்தான் எழுதுனாங்க. விமர்சனங்களைத் தொகுத்துப் போடுற ராட்டன் டொமேட்டோஸ்ங்குற வெப்சைட்ல 90க்கு மேல பர்சன்ட். 2005ல அமெரிக்க சினிமா எடிட்டர்கள் சங்கம் டாக்குமெண்டரி எடிட்டிங்குக்கு எடி விருது குடுத்துச்சு, எடிட்டர் பால் க்ரௌடர்.

சன்டான்ஸ் விழாவுல மொத படமா போட்டாங்கன்னு பெருமையா சொல்றாங்களே, அதுல என்ன இருக்கு

சன்டான்ஸ்ங்கிறது அமெரிக்காவுல வருசா வருசம் ஜனவரில நடக்குற விழா, அப்ப யூட்டா மாநிலத்துல நடந்துச்சு, பெரிய ஸ்டுடியோ இல்லாம எடுக்குற படங்களுக்கு அதுதான் பெரிய சந்தை. தொடக்க நாள் படத்துக்கு தனி மரியாதை, ஊர்ல இருக்குற எல்லா பத்திரிகைக்காரனும் அன்னைக்கு ஒரே படத்தைத்தான் பாப்பான். 2004 வரைக்கும் அந்த எடத்துல கதைப்படம்தான் போட்டாங்க, டாக்குமெண்டரி போட்டதே இல்ல. மொத தடவையா போட்டது இதைத்தான்.

இன்னொன்னும் பாக்கணும். 2004 டாக்குமெண்டரிக்கே நல்ல வருசம். மைக்கேல் மூரோட ஃபாரன்ஹீட் 9/11 கேன்ஸ்ல பெரிய விருது வாங்கி அமெரிக்காவுல மட்டும் 10 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணிச்சு. டாக்குமெண்டரின்னா பாடம் நடத்துற மாதிரி இருக்கும்னு நெனச்சிட்டிருந்த ஜனம் தியேட்டருக்கு வர ஆரம்பிச்ச நேரம். அந்தக் காத்துல இந்தப் படமும் பாய் விரிச்சு ஓடிச்சு, அதையும் சேத்துத்தான் இந்த வரவேற்பை எடை போடணும்னு எனக்குத் தோணுது.

90 பர்சன்ட்னா நூத்துக்கு தொண்ணூறு மார்க்கா?

இல்லப்பா, இதுல முக்காவாசி பேர் ஏமாந்து போறாங்க. ராட்டன் டொமேட்டோஸ் பர்சன்ட்ங்கிறது எத்தனை விமர்சகர் "பரவால்ல, பாக்கலாம்" பக்கம் நின்னாங்கங்குற கணக்கு. நூறு பேர்ல தொண்ணூறு பேரு சுமாரா பிடிச்சிருக்குன்னு சொன்னாலும் 90 தான், தொண்ணூறு பேரு தலைமேல தூக்கி வச்சு ஆடுனாலும் 90 தான். எவ்ளோ பிடிச்சுதுன்னு அந்த நம்பர் சொல்லாது. மெட்டாகிரிட்டிக்னு இன்னொன்னு இருக்கு, அது ஒவ்வொரு விமர்சனத்துக்கும் ஒரு மார்க் போட்டு, சில பத்திரிகைக்குக் கொஞ்சம் எடை கூட்டி, சராசரி எடுக்கும்.

நம்பரை விட்டுட்டு நாலு விமர்சனம் முழுசா படிங்க. படிச்சாத்தான் எல்லாரும் படத்தோட எந்த எடத்துல நின்னு பேசுறாங்கன்னு புரியும், எந்த எடத்தைத் தாண்டிப் போயிட்டாங்கன்னும் புரியும்.

எதைத்தான் அப்புடி பாராட்டுனாங்க? அலை பெருசா இருக்குன்னா?

அலை பெருசுன்னு மட்டும் சொல்லியிருந்தா இந்தப் பக்கத்தையே நான் எழுதியிருக்க மாட்டேன். ரோஜர் எபர்ட்னு சிகாகோவுல இருந்த ரொம்ப பேர் போன விமர்சகர், 2013ல காலமாயிட்டாரு, அவரு எழுதுனதோட சாரம் என்னன்னா, சர்ஃபிங்னா அதுவரைக்கும் எனக்கு சினிமாவும் பாட்டும் விளம்பரமும் காட்டுன ஜாலி விசயம்தான், இந்தப் படம் பாத்தப்பறம்தான் இது வேற ஒலகம்னு தெரிஞ்சுதுங்கிறது. நெறய பேரோட பாராட்டு இந்த வழியிலதான் போகுது. கடலே தெரியாதவனுக்கு கடல் பைத்தியம் புடிச்சவனோட மனசைப் புரிய வச்சிருக்குன்னு. அது சாதாரண வேலை இல்ல.

ரெண்டாவது பாராட்டு, வரலாறு. அலை மேல அலையா காட்டிட்டு பாட்டைப் போட்டு முடிக்கிற சர்ஃபிங் படம் ஏற்கனவே எக்கச்சக்கம். இது யாரு மொதல்ல எறங்குனா, ஏன் அதுவரைக்கும் எறங்கல, எந்த பலகை வந்தப்பறம் எது முடிஞ்சுதுன்னு ஒண்ணுக்கொண்ணு கோத்து சொல்லுது. வைமியாவுல 1943ல டிக்கி க்ராஸ்னு ஒரு பையன் செத்தப்பறம் 14 வருசம் ஒருத்தனும் அங்க போகலங்கிறதை மொதல்லயே சொல்லிட்டுத்தான் 1957க்கு வருது. அதனால அவனுங்க தண்ணிக்குள்ள கால் வைக்கிறப்ப நமக்கு வயித்தைப் பெசையுது.

மூணாவது, மார்க் ஃபூ சாவு. ஹவாய்ல பேர் வாங்குன ஆளு, மேவரிக்ஸ் அலையைப் பாக்கணும்னு ராத்திரி பிளைட் புடிச்சு வந்து 1994 டிசம்பர் 23 அன்னைக்கு எறங்குறாரு, அன்னைக்கு வந்ததுலயே பெரிய அலைன்னு சொல்ல முடியாத ஒரு அலையில விழுறாரு, கூட இருந்தவங்களுக்கே கொஞ்ச நேரம் தெரியல. அந்தப் பகுதியை படம் சத்தத்தைக் குறைச்சு, கூட இருந்தவங்க பேச்சுலயே கொண்டு போகுது. எங்க ஊர்ல அந்த தேதி ஸ்கிரீன்ல வந்ததும் பெரியவங்க ரெண்டு மூணு பேரு நிமிந்து உக்காந்தாங்க, தனுஷ்கோடியைப் புயல் அடிச்சது 1964 டிசம்பர் 22 ராத்திரி, விடிஞ்சா 23. வருசம் வேற, கடல் வேற, ஆனா அந்த நாளுக்கு இங்க உள்ள கனம் வேற எங்கயும் வராது.

குறையே யாரும் சொல்லலையா? எல்லாரும் ஜால்ரா தானா

சொன்னாங்க, கம்மியா. முக்கியமான குறை மூணாவது பகுதி மேலதான். லேர்ட் ஹாமில்டன் வந்ததும் படம் கேள்வி கேக்குறதை நிறுத்திட்டு புகழ் பாட ஆரம்பிச்சிடுதுன்னு. அதை நானும் ஒத்துக்கிறேன். மொத ரெண்டு பகுதியில பயம் இருக்கு, சாவு இருக்கு, பைத்தியக்காரத்தனமான்னு ஒரு சந்தேகமும் இருக்கு, மூணாவதுல அதெல்லாம் கரைஞ்சு போயி அவரு எப்பேர்ப்பட்ட ஆளுன்னு ஒவ்வொருத்தரா வந்து சொல்லிட்டுப் போறாங்க. எடிட்டிங் வேகத்தையும் பாட்டையும் பத்தியும் சலிப்பு வரும், அது ருசியைப் பொறுத்தது, எனக்கு அதுல பெருசா வருத்தம் இல்ல.

காக்கா, அந்த ஹாமில்டனே தயாரிப்புல இருக்காருன்னு டைட்டில்ல வருதே, அப்ப இது விளம்பரம் தானே?

கீழக்கரைலருந்து வந்த கேள்வி (அங்க காக்கான்னா அண்ணன்), இதுவரைக்கும் கேட்டதுலயே நல்ல கேள்வி. ஆமா, லேர்ட் ஹாமில்டன் பேரு நிர்வாகத் தயாரிப்பாளர்கள்ல ஒண்ணா இருக்கு. ஒளிச்சு வைக்கல, டைட்டில்லயே இருக்கு. ஆனா விமர்சனம் எழுதுனவங்கள்ல இதை எடுத்துப் பேசுனவங்க கம்மி. மூணாவது பகுதி தொய்யுதுன்னு சொல்லிட்டு ஏன் தொய்யுதுன்னு கேக்காம விட்டா அது பாதி விமர்சனந்தான்.

அதுக்காக முழுப் படத்தையும் விளம்பரம்னு ஒதுக்கவும் முடியாது. 2000 ஆகஸ்ட் 17 அன்னைக்கு தஹிட்டி தீவுல டியாஹுப்போங்குற எடத்துல அவரு ஏறுன அலை உண்மையிலேயே அந்த விளையாட்டையே மாத்துன அலை, அதுக்கு போட்டோ இருக்கு, வீடியோ இருக்கு, எதிரியும் ஒத்துக்கிட்ட விசயம். ஆளைப் பத்தின உண்மை உண்மைதான். ஆனா அந்த ஆளே படத்துல பங்கா இருக்கறப்ப அவரை நோக்கி கஷ்டமான ஒரு கேள்வி வரலங்கிறதை பாக்குறவன் மனசுல வச்சுட்டுத்தான் பாக்கணும். சாம் ஜார்ஜ் வசனமும் எழுதிட்டு கேமரா முன்னாடி உக்காந்து கருத்தும் சொல்றாருல்ல, அதையும் இப்படியே எடுத்துக்கணும். மொத்தப் படமும் உள்ளூர்க்காரங்க தங்களைப் பத்தி தாங்களே சொன்னது. அதனால அவங்க பாசமும் வந்துச்சு, அவங்க பாக்காம விட்டதும் வந்துச்சு.

கிரெக் நோல் 1969ல ஏறுன அலைக்கு போட்டோவே இல்லையாம், அப்புறம் எப்புடி நம்புறது

1969 டிசம்பர் 4, மகாஹாங்குற எடம். அந்த வாரம் வட பசிபிக்ல உண்டான புயல்னால ஹவாய்க்கு வந்த அலை இன்னைக்கும் பேசப்படுற ஒண்ணு. அன்னைக்கு கிரெக் நோல் ஒரு அலை ஏறுனாரு, விழுந்தாரு, நீந்திக் கரை சேந்தாரு, அதோட பெரிய அலைக்குப் போறதையே ஏறக்கொறய விட்டுட்டாரு. அந்த ஒத்த அலையை யாரும் படம் புடிக்கல. படத்துல வர்றது அவரோட வாயும் கரையில நின்னு பாத்தவங்க வாயும்தான்.

இந்த எடத்துல நம்ம ஜனத்துக்கு சந்தேகம் வராததுதான் எனக்கு ஆச்சரியம். வெளிநாட்டுக்காரன் ஆதாரம் எங்கன்னு கேப்பான். தனுஷ்கோடிக்கு அன்னைக்கு வந்த தண்ணியை யாரு போட்டோ எடுத்தா? பாம்பன்லருந்து கெளம்புன பாசஞ்சர் ரயிலே போச்சு, கேமராவா மிஞ்சும். உசுரோட வந்தவங்க சொன்னதை வச்சுத்தான் இன்னைக்கு வரைக்கும் பேசுறோம், தண்ணி எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சு, கோயில் மேட்டுல யாரு நின்னான்னு. ஒருத்தன் சொன்னா கதை, தனித்தனியா நின்னு பாத்த பல பேரு சொல்றது ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போச்சுன்னா அதுக்கு எடை இருக்கு. படமும் அப்படித்தான் அடுக்குது. உயரத்தை மட்டும் நான் நம்ப மாட்டேன், காரணம் அடுத்த கேள்வியில.

ஒரே அலையை ஒருத்தன் 30 அடிங்கிறான் ஒருத்தன் 60 அடிங்கிறான், எது சரி

ரெண்டும் சரியா இருக்க வாய்ப்பு இருக்கு. ஹவாய்ல பழைய ஆளுங்க அலையை பின்னாடி பக்கமிருந்து அளக்குற கணக்கு, அது முன்னாடி முகத்துல பாதிதான் வரும் சுமாரா. மத்த எடத்துல முகத்தை அடிலருந்து உச்சி வரைக்கும் அளப்பாங்க. அதனால ஹவாய்க்காரன் 20 அடின்னா கலிபோர்னியாக்காரன் 35, 40ன்னு சொல்லுவான். இது தெரியாம எழுதுன விமர்சனத்துல நம்பர் எல்லாம் கொழம்பிக் கெடக்கும்.

இப்ப உலக சாதனைக்கு அளக்குறப்ப போட்டோவுல அந்த சர்ஃபரோட உடம்பையே அளவுகோலா வச்சு அலையை அளக்குறாங்க. அதுலயும் அலையோட அடி எங்க ஆரம்பிக்குதுங்குறதுலதான் சண்டையே வரும். போட்டோ இருக்கறப்பவே இவ்ளோ தகராறுன்னா போட்டோ இல்லாத 1969 அலைக்கு அடிக்கணக்கு பேசுறது வீண்.

சுனாமியும் இந்த அலையும் ஒண்ணு தானே, அதுல போயி விளையாடுறாங்களா

ஒண்ணே இல்ல. சுனாமி கடலுக்கு அடியில நிலம் ஆடி மொத்தத் தண்ணியும் தள்ளப்பட்டு வர்றது, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல பல நிமிசம் ஆகும், அது மேல யாரும் ஏறி ஓட்ட முடியாது. படத்துல வர்றது காத்து உண்டாக்குன அலை. எங்கயோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி புயல் அடிக்கும், அங்க கெளம்புன அலை சீராகி வரிசை கட்டி வரும், ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் 15லருந்து 20 செகண்ட். நம்ம பக்கம் காத்தே இல்லாம வெயில் அடிக்கிறப்ப திடீர்னு தண்ணி கரைக்கு மேல ஏறுதே, கள்ளக்கடல்னு எச்சரிக்கை வருதுல்ல, ஹைதராபாத்ல இருக்குற கடல் தகவல் மையம் குடுக்குறது, அதுவும் இதே ஜாதிதான், தெக்க இந்தியப் பெருங்கடல்ல கெளம்பி வர்றது.

அப்ப நம்ம கடல்ல ஏன் அப்புடி எழும்பல? வடகடல் குளம் மாதிரி கெடக்கு

அலை பெருசா எழும்பணும்னா மூணு வேணும், தூரத்துப் புயல், நடுவுல மறிக்காத ஆழக்கடல், கரைக்குப் பக்கத்துல திடீர்னு ஏறுற தரை. வடகடல் பாக் நீரிணைப் பக்கம், ஆழமே பெரும்பாலும் 15 மீட்டருக்குள்ள, கிழக்க இலங்கை மறிச்சு நிக்குது. வாடைக்காத்துல கொந்தளிக்கும், படகை ஒடைக்கும், ஆனா அது கட்டையான குழம்புன அலை, வரிசை வராது. தென்கடல்ல, மன்னார் வளைகுடாப் பக்கம், சோழகத்துல, அதாவது தெக்கத்திக் காத்துல, அலை வரும், ஆனா 21 தீவும் அதைச் சுத்தி பவளப்பாறையும் முன்னாடியே வாங்கிக்கும். 2004 சுனாமில நம்ம மாவட்டத்துக்கு மத்த மாவட்டத்தை விட சேதம் ரொம்ப கம்மியா போனதுக்கும் இலங்கை மறைச்சதுதான் பெரிய காரணம்.

மேவரிக்ஸ் காட்சி ஓடறப்ப ஒரு விசயம் நடந்துச்சு. அலை நடுக்கடல்ல சும்மா மேடு மாதிரி வந்துட்டு ஒரே எடத்துல நட்டுக்குத்தா எழும்பி ஒடையுது, அடுத்ததும் அதே எடம், அதுக்கு அடுத்ததும் அதே எடம். பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்த ஒரு சம்மாட்டி, படகு மொதலாளி, பீடியை காதுல சொருகிட்டு "அடியில பார் கெடக்குடா, ஓரத்துல மடுவு"ன்னு சொன்னாரு. அங்க உண்மையிலேயே கடலுக்கு அடியில பாறை மேடு ஏறி வருது, பக்கவாட்டுல ஆழம். அலை உயரத்துக்கு ஒண்ணேகால் மடங்கு ஆழம் வர்ற எடத்துல அது ஒடையும்னு பொத்தாம் பொதுவா ஒரு கணக்கு. நான் படிச்ச விமர்சனத்துல யாரும் அந்தத் தரையைப் பாக்கல. வீரத்தைப் பாத்தாங்க, அலை ஏன் அங்க நிக்குதுன்னு பாக்கல.

எங்கப்பா தினம் வல்லத்துல போறாரு, அவரு உசுரையும்தான் பணயம் வைக்கிறாரு, இவனுங்களுக்கு மட்டும் எதுக்கு படம், எதுக்கு பாராட்டு

இந்தக் கேள்விக்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன், கேள்வியில நியாயம் இருக்கு. அவங்க கடலுக்குப் போறது ஆசைக்கு, வேண்டாம்னா திரும்பிடலாம். உங்கப்பா போகலன்னா அன்னைக்கு அடுப்பு எரியாது. ரெண்டு ஆபத்தும் ஒரே தராசுல வராது. விமர்சகர்கள் "மனுசனுக்கும் இயற்கைக்கும் போராட்டம்"னு எழுதுறப்ப கடல்ல பொழைக்கிற கோடிக்கணக்கான ஆளுங்க ஞாபகமே வந்த மாதிரி தெரியல.

ஆனா ஒண்ணு, ஜெஃப் கிளார்க் பகுதியை ரசிச்சது யாருன்னு பாத்தா நம்ம கடல்காரங்கதான். தெனமும் மேட்டுல நின்னு தண்ணியைப் பாத்து, எப்ப ஒடையுது, எந்தப் பக்கம் இழுக்குதுன்னு மனசுல பதிய வச்சு, குளுந்த தண்ணியில தனியா எறங்கி, அதையே 15 வருசம் பண்ணது அவங்களுக்கு பழக்கமான பொறுமை. இன்னொன்னு, கயிறு கட்டி இழுக்குற காட்சியில எல்லாரும் பலகை மேல நிக்கிறவனைப் பாக்குறப்ப நம்ம பசங்க கண்ணு ஜெட் ஸ்கீ ஓட்டுறவன் மேல இருந்துச்சு. விழுந்தவனை அடுத்த அலை வர்றதுக்குள்ள நுரைக்குள்ள பூந்து தூக்குறவன் அவன்தான். அவனைப் பத்தி விமர்சனத்துல ஒரு பாரா எழுதலாம், எழுதணும்.

கயிறு கட்டி இழுத்தா அது ஏமாத்து இல்லையா? விமர்சகர்கள் ஒண்ணும் சொல்லல

சர்ஃபர்களுக்குள்ளயே இது பெரிய சண்டை. அலை பெருசாக ஆக அதோட வேகமும் கூடும், ஒரு அளவுக்கு மேல கையால துடுப்புப் போட்டு அதைப் புடிக்கவே முடியாது. 90கள் ஆரம்பத்துல ஹாமில்டனும் கூட்டாளிகளும் மொதல்ல ரப்பர் படகு, அப்புறம் ஜெட் ஸ்கீ வச்சு இழுத்து அந்த வேகத்தைப் புடிச்சாங்க, பலகையும் குட்டையாச்சு, காலை மாட்ட வார் வந்துச்சு. படம் இதை வெற்றியா மட்டும் காட்டுது. எதிர்ப்புக் குரலுக்கு அவ்வளவா எடம் இல்ல, மேல தயாரிப்பு பத்தின கேள்வியில சொன்ன அதே கோளாறுதான். பின்னாடி, காத்து அடைச்ச உயிர்காப்பு சட்டை எல்லாம் வந்தப்பறம், பழையபடி கையால துடுப்புப் போட்டே பெரிய அலை புடிக்கணும்னு ஒரு கூட்டம் திரும்ப கெளம்புச்சு, அது படம் வந்ததுக்கு அப்புறம் நடந்த கதை.

லாத்தா (அக்கா) கேக்க சொன்னாங்க, படத்துல பொம்பளை ஒருத்தி கூட அலை ஏறலையா?

முக்கிய கதை மூணும் ஆம்பளை கதை. 1999லயே சேரா கெர்ஹார்ட்டுங்குறவங்க மேவரிக்ஸ்ல ஏறிட்டாங்க, அங்க ஏறுன மொத பொம்பளை, படம் வந்தது 2004. அப்ப வந்த பாராட்டுல இந்தக் குறையைச் சொன்னவங்க அபூர்வம். இப்ப எழுதுனா மொத பாராவுலயே வந்துரும். 2020ல பிரேசில் பொண்ணு மாயா கபெய்ரா போர்ச்சுகல்ல நாசரேங்குற எடத்துல 73.5 அடி அலை ஏறி சாதனை பண்ணாங்க.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போற பொம்பளைங்களுக்கு இதைப் போட்டுக் காட்டுனப்ப அவங்க கேட்டதும் இதேதான். கண்ணாடி மாட்டி, காலுக்கு தகரத்தையோ ரப்பரையோ கட்டி, தீவு ஓரத்துல மூச்சடக்கி முங்குறவங்க. கடல்ல பொம்பளை இல்லைன்னு ஒரு படம் காட்டுனா அவங்களுக்கு அது நம்புற மாதிரி இல்ல.

ஹவாய்க்காரங்க விளையாட்டு தானே இது, ஹீரோ மூணு பேரும் வெள்ளைக்காரங்களா இருக்காங்க

ஆமா. ஆரம்பத்துல பாலினேசியா, ஹவாய் ராஜாக்கள், பாதிரிமார் வந்து இதை ஒடுக்குனது எல்லாம் ஓட்டமா சொல்லிட்டு 50கள்ல கலிபோர்னியாலருந்து வந்த பசங்க கிட்ட போயிடுது. 1700கள்ல கேப்டன் குக் கப்பல் போனப்பவே ஹவாய் ஜனம் அலை ஏறிட்டு இருந்துச்சு, குக்கோட கூட்டமே எழுதி வச்சிருக்கு. வைமியாவுல உயிர்காப்பாளரா இருந்து எத்தனையோ பேரைக் காப்பாத்துன எட்டி ஐக்காவ் மாதிரி ஆளுக்கு ஒரு முழுப் பகுதி குடுத்திருந்தா படமே வேற ஒசரத்துக்குப் போயிருக்கும். கடல் ஒருத்தங்களுது, கதை இன்னொருத்தங்களுது. நம்ம கரையைப் பத்தி வெளியூர்க்காரங்க எடுக்குற படத்துலயும் இதைத்தான் மொதல்ல பாக்கணும்.

இவ்ளோ பாராட்டு வாங்குன படம் ஆஸ்கருக்கு ஏன் போகல

பரிந்துரை பட்டியல்லயே வரல. அந்த வருசம் டாக்குமெண்டரி ஆஸ்கர் வாங்குனது கொல்கத்தாவுல சோனாகாச்சிங்குற சிவப்பு விளக்குப் பகுதி கொழந்தைங்களைப் பத்தின பார்ன் இன்டு ப்ராத்தல்ஸ். அந்தப் பிரிவுல பெரும்பாலும் சமூகப் பிரச்சனை பேசுற படத்துக்கு மவுசு, விளையாட்டுப் படத்துக்கு கம்மி. மத்தபடி இதுல பெருசா தோண்ட ஒண்ணும் இல்ல.

இப்ப வந்த நாசரே சீரிஸ் இதை விட சூப்பர்ங்கிறானுங்க, பழசை எதுக்கு பாக்கணும்

எச்பிஓல 2021ல வந்த 100 ஃபுட் வேவ் தானே, இயக்குநர் கிறிஸ் ஸ்மித், கேரட் மெக்நமாராங்குற சர்ஃபரைச் சுத்திப் போகுது. அதுக்கும் நல்ல விமர்சனம், 2022ல ஒளிப்பதிவுக்கு டிவி நிகழ்ச்சிகளுக்கான எம்மி விருது வாங்குச்சு. நாசரே கரைக்கு முன்னாடி கடலுக்கு அடியில பெரிய பள்ளத்தாக்கு இருக்கு, உள்ள போகப் போக 5000 மீட்டர் ஆழம் வரைக்கும் போகும், அதான் அலையைக் குவிச்சு அங்க கொண்டு வந்து போடுது. அங்கதான் 2020 அக்டோபர்ல செபாஸ்டியன் ஸ்டொய்ட்னர் 86 அடி ஏறுனாரு.

அது ஒரு குடும்பத்தோட கதை, வயசாகுது, அடிபடுது, பொண்டாட்டி கரையில நின்னு வாக்கி டாக்கில பேசுறா, நிதானமா பல எபிசோடு போகும். பழசு அம்பது வருச வரலாறை ரெண்டு மணி நேரத்துக்குள்ள சொல்லுது. ஒடம்புக்கு என்ன ஆகுதுங்கிறதை புதுசு தைரியமா காட்டுது, அதுல புதுசு ஒரு படி மேல. ஆனா டிக்கி க்ராஸ்லருந்து மார்க் ஃபூ வரைக்கும் எந்த பயத்து மேல ஏறி இந்த விளையாட்டு வந்துச்சுன்னு தெரியாம புதுசைப் பாத்தா பாதிதான் புரியும். பழசை மொதல்ல பாருங்க.

என் மகன் படம் பாத்துட்டு பலகையைத் தூக்கிட்டு அரிச்சல்முனைக்குப் போறேங்கிறான், என்ன சொல்ல

அரிச்சல்முனை வேண்டவே வேண்டாம். ரெண்டு கடலும் சேர்ற எடம், நீரோட்டம் எப்ப திரும்பும்னு தொழில்காரனே யோசிப்பான், அங்க குளிக்கவே கூடாதுன்னு எச்சரிக்கை இருக்கு. ஆசை நெசமா இருந்தா மொதல்ல நல்லா நீந்தத் தெரியணும், அப்புறம் சென்னைக்குப் பக்கத்துல கோவளத்துல முறையா சொல்லிக் குடுக்குறாங்க, சின்ன அலையில ஆரம்பிக்கட்டும். படத்துல வர்றவங்க எல்லாம் பல வருசம் சின்ன அலையில கெடந்துட்டுத்தான் பெரிய அலைக்குப் போனவங்க, அந்த வருசங்களை படம் வேகமா ஓட்டிடும், பசங்க கண்ணுக்குத் தெரியாது. அதை ஒக்கார வச்சு சொல்லுங்க.

நாங்களும் ரிவ்யூ எழுதலாமாண்ணே? இங்கிலீஷ் பேப்பர்க்காரன் மாதிரி எழுத வராது

அவன மாதிரி எதுக்கு எழுதணும். படத்தோட பேரு, வருசம், யாரு எடுத்தாங்க, காசு யாரோடதுன்னு மொதல்ல எழுதிடு. அப்புறம் உனக்கு மட்டும் தெரிஞ்சதை எழுது. அந்த ஷாட்டுல காத்து எந்தப் பக்கம், நுரை எந்தப் பக்கம் பறக்குது, கரையிலருந்து அடிக்கிற காத்துதான் அலையை நிமித்தி நிக்க வைக்குதுன்னு ஒனக்கு பாத்த ஒடனே தெரியும், நியூயார்க்ல உக்காந்து எழுதுறவனுக்குத் தெரியாது. எந்த எடத்துல ஒனக்கு நம்ப முடியல, எந்த எடத்துல ஒங்க தாத்தா பேசுனாரு, எல்லாத்தையும் எழுது. படத்தை ரெண்டு தடவை பாரு, ரெண்டாவது தடவை சத்தத்தை மியூட்ல போட்டுப் பாரு, பாட்டு இல்லாமயும் எந்தக் காட்சி நிக்குதுன்னு குறிச்சுக்க. எழுதி முடிச்சதும் எனக்கு அனுப்பு, எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடுக்குறேன், கருத்துல கை வைக்க மாட்டேன்.